குடைத்துணி மேல் சிறுகோள்கள்

முதல் கல்லை என் மகள் பாப்பாவுக்காக நான் செய்யவில்லை. கொழுந்தனுக்காகச் செய்தேன். அப்போது பாப்பாவின் இடது கண்ணைப் பற்றி எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டாமா என்பது வேறு கேள்வி. அதை நானே என்னிடம் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

கொழுந்தன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை சாயங்காலங்களில் வந்துவிடுவார். அவர் பின்னாலேயே கூட்டாளிகள் இரண்டு பேர் எங்கள் மாடி வீட்டுக்கு வருவார்கள். நாகல் நகரில் அந்த நேரத்துக்கு ஆட்டோ சத்தம் காதைப் பிளக்கும். அது எதுவும் அவர்கள் காதில் விழாது. சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, கறுப்புத் துணி ஒன்றை விரித்து, அதன்மேல் கட்டைவிரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் விண்கலங்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். துணி வேறொன்றும் இல்லை, கம்பி ஒடிந்துபோன எங்கள் பழைய குடையின் துணிதான். வெள்ளைப் பெயின்ட்டைத் தெளித்து நட்சத்திரம் ஆக்கியிருந்தார்கள். கலங்களைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள். நடுவில் மிதக்க வேண்டிய சிறுகோள்களுக்கு மட்டும் என் சமையலறைக்குத்தான் வந்தார்கள்.

"அண்ணி, எதிரி கப்பல் உருளைக்கிழங்குக்குப் பின்னாடி ஒளிஞ்சா எப்பிடி அண்ணி பயம் வரும்? அதுவும் நடு ஆட்டத்துல வந்து வறுவலுக்கு வேணும்னு எடுத்துட்டுப் போயிடுறீங்க. எனக்குப் பதுங்க இடமில்லாமப் போச்சு."

"அப்ப வெங்காயம் தாரேன், தம்பி."

"நீங்க பிசிக்ஸ் படிச்சவங்கதானே? ஒழுங்கா நாலு ஆஸ்டிராய்டு செஞ்சு குடுங்களேன்."

நிஜச் சிறுகோள்கள் பலவும் உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, நீ பிசிக்ஸ் படித்தவள்தானே என்று யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இட்லிக்கு மாவு பொங்காத நாளில்தான் என் படிப்பு வீட்டில் பேச்சுக்கு வரும். அதனால் அந்த வேலையை நான் கொஞ்சம் அதிகமாகவே மனசுக்கு எடுத்துக்கொண்டேன்.

முட்டை அட்டைகளைக் கிழித்து ஊறவைத்தேன். பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்தேன். அதோடு ஊறவைத்து அரைத்த வெந்தயத்தைச் சேர்த்துப் பிசைந்தேன். வேடசந்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கூடைக்கும் முறத்துக்கும் பூசுகிற அதே கூழ்தான். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், பூச்சியும் அண்டாது. பிரியாணிப் பொட்டலத்தில் வந்த வெள்ளித் தாளைக் கசக்கி உருட்டி நடுவில் வைத்து, மேலே கூழை அப்பினேன். ஈரம் இருக்கும்போதே கொண்டைக்கடலையை அழுத்தினால் பெரிய குழி விழும். பட்டாணிக்கு நடுத்தரக் குழி. கடுகை அழுத்தி, பாதி காய்ந்ததும் ஊசியால் நோண்டி எடுத்தால் மிகச் சின்னக் குழி. சில கற்களுக்கு ரவையைத் தூவினேன். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்டிருந்த மோர்மிளகாய்க்கு அருகிலேயே என் கற்களும் காய்ந்தன.

"என்ன புள்ள இது, வெந்தய வாசம் வருது? புது வெஞ்சனமா?" என்று அந்த அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் வீட்டுக்காரருக்குத் தோல் வியாபாரம். எந்தப் பொருளையும் விரலால் தடவி, முகர்ந்து பார்க்கிற பழக்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

"வானத்துக் கல்லுக்கா."

"வானத்துல இருந்து விழுந்ததுக்கு வெந்தயம் எதுக்கு? கல்லுக்குச் சூடு புடிச்சிருச்சாக்கும்!"

காய்ந்த கல்லுக்குக் கறுப்புப் பூசி, தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் சாம்பல் நிறத்தைத் தெறித்து, கடைசியில் சாக்பீஸ் தூளைத் துணியில் தொட்டு லேசாகத் தேய்த்தேன். மேடெல்லாம் வெளுத்து, குழியெல்லாம் இருட்டாக நின்றது. ஈர்க்குச்சியில் செருகி, பாட்டில் மூடியில் வெள்ளை சிமெண்டு ஊற்றி நிறுத்தியதும் கல் நிஜமாகவே குடைத்துணிக்கு மேலே மிதந்தது. கொழுந்தன் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிறகு பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது.

இடது கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்த பாப்பா, வலது கண்ணை மூடச் சொன்னதும் பேசாமல் நின்றிருக்கிறாள். பிறகு அட்டையைத் தொட்டுப் பார்ப்பதற்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சுவரை நோக்கி நடந்திருக்கிறாள். "விளையாடுறான்னு நெனச்சோம்மா" என்றார் டீச்சர். அவரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? டிவி பார்க்கும்போது பாப்பா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். "நேரா உக்காரு" என்று நான் அதட்டுவேன். அவளும் நேராக உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவுதான் நான் பார்த்தது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். "இடது கண்ணுல பவர் ரொம்ப அதிகம். அந்தக் கண்ணு அனுப்புற படம் மங்கலா இருக்கிறதால, மூளை அதைக் கேக்குறதையே விட்டுருச்சு. சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவோம். கண்ணாடி போடணும். தினமும் ரெண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடி, இந்தக் கண்ணுக்கு வேலை குடுக்கணும். கிட்டத்துல பாக்குற வேலை."

"சரியாயிடுமா டாக்டர்?"

"இப்ப ஆறு வயசு. ஏழு எட்டு வயசு வரைக்கும் சொன்ன பேச்சு கேக்கும். அதுக்கு மேல போகப் போகக் கஷ்டம். நீங்க வீட்டுல செய்யுறதுலதான் இருக்கு."

கடைசியாக அவர் சொன்னது ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. நான் வீட்டில் செய்வதில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அதை பேட்ச் என்றார்கள். எங்கள் வீட்டில் பிளாஸ்திரி. வலது கண்மேல் அதை ஒட்டிய முதல் நாள் பாப்பா நிலைவாசலில் முட்டிக்கொண்டாள். வண்ணம் தீட்டச் சொன்னால் க்ரேயானை ஒடித்தாள். பாசிமணி கோக்கக் கொடுத்தால் தட்டோடு கவிழ்த்தாள். மணிகள் அலமாரிக்கு அடியில் எல்லாம் ஓடின. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, நல்லா தெரியுற கண்ணை மூடிப்புட்டுத் தெரியாத கண்ணால பாருன்னா பச்சப் புள்ள என்ன செய்யும்?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இருந்தாலும் டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். வெளியில் சொல்லும்போது எல்லாவற்றிலும் நான் உறுதியாக இருப்பது போலத்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, பிளாஸ்திரியும் கண்ணாடியுமாக அழுதுகொண்டிருந்தவள், சித்தப்பாவின் மேசையருகே போய் ஒரு கல்லைக் கையில் எடுத்தாள். அழுகை நின்றது. கல்லை மூக்குக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிட்டத்தில் பார்க்கிற வேலை! அதை நான்தான் செய்து மேசைமேல் வைத்திருக்கிறேன்!

அன்றைக்கே விதியை மாற்றினோம். கலம் எந்தக் கல்லின் பக்கத்தில் போய் நிற்கிறதோ அந்தக் கல்லைக் கையில் எடுத்து, அதில் எத்தனை குழி என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கல் அவளுக்கு. தப்பாகச் சொன்னால் கல் துணிக்கே திரும்பிவிடும். கொழுந்தன் ஊருக்குப் போனபின் வார நாட்களில் நான் அவளோடு ஆடினேன். பள்ளிவிட்டு வந்ததும் முகம் கழுவி, பால் குடித்து, பிளாஸ்திரி ஒட்டி, மேசைக்கு வந்துவிடுவாள். நான் கூப்பிடவே வேண்டியதில்லை. "நேரம் முடிஞ்சிருச்சு, பிளாஸ்திரியை எடுத்துருவோமா?" என்றால், "இன்னும் செத்த நேரம்மா" என்பாள்.

நான் புதிது புதிதாகக் கற்கள் செய்தேன். கண்ணுக்கு வேலை கூட வேண்டும் என்று கடுகுக் குழிகளை அதிகமாக்கினேன். தேங்காய் நார்த் தூளை ஒட்டிச் சொரசொரப்பாக ஒன்று. சிரட்டைத் துண்டை உடைத்துப் பதித்துக் கூராக ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்க வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டேன். பாப்பா அவற்றுக்குப் பேரே வைத்துவிட்டாள். ரவைக் கல், முள்ளுக் கல், நார்க் கல், வழுக்கைக் கல். எண்ணும்போது கட்டைவிரலைக் கல்லின்மேல் நகர்த்திக்கொண்டே போவாள். எண்ணியதையே மறுபடி எண்ணாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைகள் அப்படித்தானே எண்ணுவார்கள்?

வாரம் செல்லச் செல்ல அவள் தப்பே செய்வதில்லை என்றானது. சித்தப்பாவை இரண்டு ஆட்டம் தோற்கடித்தாள்.

"ஏலே ஆத்தா, ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டே இந்த அடி அடிக்கிறியே! பிளாஸ்திரிய எடுத்தா என்னைய ஊரை விட்டே துரத்திருவ போல."

"சித்தப்பா, நீங்க கடுகுக் குழிய விட்டுட்டீங்க. அதான் தோத்தீங்க."

"அது குழியா? நான் அழுக்குன்னு நெனச்சேன்."

வீடே சிரித்தது. என் வீட்டுக்காரர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். மில் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அலுப்பாகப் படுத்துவிடுகிறவர். அன்று எழுந்து வந்து மேசையருகே நின்று பார்த்தார். அதன் பிறகு நான் கொஞ்சம் நன்றாகத் தூங்கினேன். மறு பரிசோதனைக்கு நாள் நெருங்க நெருங்க எனக்குப் பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டுக் காத்திருக்கிற பிள்ளையின் அவசரம் வந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் காட்டுவதற்காக ரவைக் கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கைப்பையை நான் திறக்கவே இல்லை.

பாப்பாவை உட்காரவைத்து வலது கண்ணை மறைத்தார்கள். பெரிய எழுத்தைச் சொன்னாள். அதற்கடுத்த வரியையும் சொன்னாள். மூன்றாவது வரியில் நின்றாள். போன தடவையும் அங்கேதான் நின்றாள். கண்ணாடி போட்டும், பிளாஸ்திரி ஒட்டியும், அதே இடம். பரிசோதித்த பெண் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். பாப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பேட்ச் தினமும் போடுறீங்களாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"போடுறேன் டாக்டர். ஒருநாள்கூட விடல."

"போட்டுக்கிட்டுக் கிட்டத்துல வேலை ஏதாவது?"

"செய்யுறா. நல்லா செய்யுறா."

அவர் என்னை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால், "சரி, இன்னும் கவனமாப் பாருங்க. நேரம் போய்க்கிட்டு இருக்கு" என்று சொன்னபோது அவருடைய குரலில் இருந்தது, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையிடம் பேசுகிற பொறுமை. என் வீட்டுக்காரர் மில்லில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒழுங்காத்தானே ஒட்டுன?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இன்னும் நான்கு கேள்வி கேட்டிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். ஒரு கேள்வி என்பதால் அதையே நானும் என்னிடம் கேட்க ஆரம்பித்தேன். ஒழுங்காக ஒட்டினேனா? ஓரத்தில் இடுக்கு இருந்து அவள் நல்ல கண்ணால் பார்த்தாளோ? தரமில்லாத பிளாஸ்திரியோ? கண்ணாடி மூக்கில் இறங்கிவிடுகிறதோ? முருங்கைக்கீரை வாரத்தில் எத்தனை நாள் கொடுத்தேன்? வயிற்றில் இருந்தபோது இரும்புச் சத்து மாத்திரை வாந்தி வருகிறது என்று நான் சில நாள் விட்டுவிட்டேனே, அதுவா? படித்தவளாக இருப்பதில் ஒரு கஷ்டம், காரணங்கள் தீருவதே இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. லைட்டைப் போட்டுவிட்டுப் பாப்பாவும் நானும் ஆடிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் கறிக் குழம்பு கொண்டுவந்தவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். பிளாஸ்திரியின் ஓரங்களை அன்றைக்கு மூன்று தடவை அழுத்திப் பார்த்திருந்தேன். பாப்பா கல்லைக் கையில் எடுத்ததும் கரண்ட் போனது.

ஜன்னலுக்கு வெளியேயும் வெளிச்சம் இல்லை. என் கை எனக்கே தெரியவில்லை. அலமாரியில் தீப்பெட்டியைத் தேடி நான் எழுந்தேன்.

"அஞ்சும்மா" என்றது பாப்பாவின் குரல்.

"என்னடா அஞ்சு?"

"குழி. அஞ்சு."

தீப்பெட்டியை விட்டுவிட்டேன். நான் மேசையைத் தடவிக்கொண்டு வந்து, கையில் பட்ட இன்னொரு கல்லை ஈர்க்கிலிருந்து உருவி அவள் கையில் வைத்தேன்.

"இதுல?"

செத்த நேரம்கூட ஆகவில்லை. "ஏழு. ரெண்டு கடலை, ரெண்டு பட்டாணி, மூணு கடுகு. இது நார்க் கல்."

"மாஷா அல்லா!" என்றார் அக்கா இருட்டுக்குள். "இருட்டுலயும் கண்ணு தெரியுதே இவளுக்கு! நீ என்னடான்னா ஆஸ்பத்திரி, கண்ணாடின்னு அலையுற! சுத்திப் போடு புள்ள, சுத்திப் போடு!"

பாப்பா பெருமையாகச் சிரித்தாள். நான் மெழுகுவத்தியை ஏற்றினேன். அக்கா போனபிறகு அவள் முன்னால் உட்கார்ந்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"பாப்பா, குழிய நீ கண்ணால பாக்கலையா?"

"கண்ணால பாத்தா லேட்டாகும்மா. விரல்ல டக்குனு தெரியும்."

"எப்பவுமே விரல்லதானா?"

"ஆமா." அதில் மறைக்க எதுவும் இல்லை என்பது போல என்னைப் பார்த்தாள். "நீதானே குழி போட்டுக் குடுத்த?"

ஆமாம், நான்தான் போட்டுக் கொடுத்தேன். கடலையை அழுத்தி, பட்டாணியை அழுத்தி, கடுகை ஊசியால் நோண்டி எடுத்து, ஒவ்வொரு கல்லையும் விரலுக்கு அடையாளம் தெரிகிற மாதிரி நான்தான் செய்து கொடுத்தேன். அந்தக் கண்ணுக்கு என்று ஒதுக்கிய நேரம் முழுவதும் அவளுடைய விரல்கள்தான் பாடம் படித்திருக்கின்றன. கண்ணோ, பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வேடிக்கைகூடப் பார்க்கவில்லை. எட்டு வயது ஆவதற்குள் மிச்சம் இருக்கிற மாதங்கள் எத்தனை? அவற்றில் சிலவற்றை நான் என் கைவேலைக்குச் செலவழித்துவிட்டேன்.

வேலை முடிந்து வந்த இவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நார்க் கல்லைக் கையில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எனக்கு நாலுக்கு மேல தெரியல" என்றார். கண்ணைத் திறந்து, தூங்குகிறவளைப் பார்த்தார். "எம்புட்டுக் கெட்டிக்காரி, பாரேன்." பெருமைப்படுகிறாரா, வருத்தப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் புதுக் கற்கள் செய்ய உட்கார்ந்தேன். இந்தத் தடவை எல்லாம் தலைகீழ். கூழை அப்பி, கரண்டியின் முதுகால் வழித்து வழித்து மழமழவென்று ஆக்கினேன். காய்ந்ததும் சுவருக்குப் பூசுகிற பட்டியை இரண்டு பூச்சு பூசி, உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு மேடு பள்ளம்கூட இருக்கக் கூடாது. பிறகு சாம்பல் நிறம் பூசி, அதன்மேல் சின்னச் சின்னதாகக் குழிகளை வரைந்தேன். ஒரு பக்கம் கறுப்புப் பிறை, எதிர்ப் பக்கம் வெள்ளைப் பிறை. தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே பள்ளம் போல இருக்கும். தொட்டால் ஒன்றுமே இருக்காது. செய்யும்போதே எனக்கு அந்தக் கற்களைப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை வந்த கொழுந்தன், விஷயம் தெரியாமல், "என்ன அண்ணி, இந்தத் தடவை வான்கோழி முட்டை போட்டிருக்கு?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் கேலியை விட்டார். அவர் பங்குக்கு, "கல்லத் தொடக்கூடாதுன்னு ரூல் போட்டுருவோமா?" என்று கேட்டார். அவள் விரல்களைக் கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை. விரல்கள் என்ன தப்பு செய்தன?

பாப்பா பிளாஸ்திரியோடு மேசைக்கு வந்தாள். கலத்தை நகர்த்தினாள். புதுக் கல்லை எடுத்தாள். கட்டைவிரல் அதன்மேல் ஓடியது. நின்றது. மறுபடி சுற்றி வந்தது.

"இதுல குழியே இல்லம்மா."

"இருக்குடா. பாரு."

"இல்ல. வழுக்கையா இருக்கு."

"விரலால இல்ல கண்ணு. கண்ணால பாரு."

கல்லை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். தூரத்தில் பிடித்தாள். தலையைச் சாய்த்தாள். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, மிகச் சின்னக் குரலில் சொன்னாள்.

"எனக்குத் தெரியலம்மா."

அவள் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் சுவரை நோக்கிக் கையை நீட்டியபோதும் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை, பேசாமல்தான் நின்றாள். தெரியாத இடங்களில் எல்லாம் கையையும், தலைச் சாய்ப்பையும், ஞாபகத்தையும் வைத்து அவள் சமாளித்திருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாமல், ஒருவேளை அவளுக்கே தெரியாமல். எல்லா வழியையும் அடைத்துவிட்டுத்தான் நான் அந்த வார்த்தையை அவளிடமிருந்து வாங்கியிருக்கிறேன். பிறகு அவள் பெரிதாக அழுதாள். புதுக் கற்களைத் தள்ளிவிட்டாள். "என் கல்லத் தா. ரவைக் கல்லத் தா" என்று தரையில் உருண்டாள். கொழுந்தன் அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

அடுத்து வந்த நாட்களில் அவள் மேசைப் பக்கமே வரவில்லை. பிளாஸ்திரி ஒட்டினால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். பழைய கற்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மேல் தட்டில் வைத்திருந்தேன். தினமும் அதை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று நினைப்பேன். விளையாட்டையாவது விட்டுவைத்திருக்கலாம். பிளாஸ்திரி நேரத்துக்கு வேறு எதையாவது பார்த்திருக்கலாம். அவளுக்கு ஜெயிக்க இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டேனோ? ஒருநாள் டப்பாவை எடுத்துவிட்டேன். டாக்டரம்மாவின், "நேரம் போய்க்கிட்டு இருக்கு" நினைவுக்கு வந்தது. திரும்ப வைத்துவிட்டேன். இப்போதும் அது சரியா என்று யாராவது கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"கடுகு சைஸுல வரஞ்சா அவ என்ன செய்வா? கடலைல இருந்து ஆரம்பியேன்" என்றார் இவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. மில் பஸ் ஹாரன் அடிக்க, கீழே ஓடிவிட்டார்.

அவர் சொன்னதும் சரிதான். நான் முதல் நாளே கடைசிப் பரீட்சை வைத்திருந்தேன். கற்களுக்கு மறுபடி சாம்பல் நிறம் பூசி, கொண்டைக்கடலையைவிடப் பெரிதாகக் குழிகளை வரைந்தேன். ஒரே ஒரு கல்லில் மட்டும், பழக்க தோஷம், விளிம்பு ஓரமாகச் சின்னதாக ஒன்றும் வரைந்தேன். குடைத்துணியை விரித்து, கற்களை நிறுத்தி, அவளைக் கூப்பிடாமல் நான் தனியாகவே ஆட ஆரம்பித்தேன். வேண்டுமென்றே மோதினேன். "அய்யோ, போச்சே!" என்றேன். பாப்பா முதலில் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"நீ தப்பா ஓட்டுற" என்றாள்.

அவள் எடுத்தது அந்தச் சின்னக் குழிக் கல்லைத்தான். விரல் ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, கல்லை ஈர்க்கோடு பிடித்து மூக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். கண்ணாடி கல்லில் இடித்தது. பிளாஸ்திரிக்குக் கீழே கன்னத்தில் வியர்வை. நெற்றி சுருங்கியது. அவ்வளவு நேரம் ஒரு கல்லை அவள் எண்ணி நான் பார்த்ததில்லை. முன்பு நிமிடத்தில் முடித்துவிடுவாள்.

"ரெண்டு... இல்ல, இரு. மூணு."

நான்கு. நான் வரைந்தது நான்கு. ஓரத்தில் இருந்த சின்னதை விட்டுவிட்டாள். விதிப்படி கல் துணிக்குத் திரும்ப வேண்டும். ஆனால் மூன்று குழியை அந்தக் கண் பார்த்திருக்கிறது. விரல் அல்ல, கண்.

"சரி" என்றேன். "கல்லு உனக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. கல்லைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். ஒன்றில் தோற்றாள், ஒன்றில் அழுகை வந்தது, ஒன்றை எண்ணாமலேயே விட்டாள். நேரம் முடிந்ததும் பிளாஸ்திரியை எண்ணெய் தொட்டு மெதுவாக எடுத்தேன். வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஜெயித்த கல்லை ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இதுல நாலு இருக்கு."

நான் பிளாஸ்திரியை மடித்துக் குப்பையில் போட்டேன்.

"நீ ஏன் சரின்னு சொன்ன?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் சொன்ன வயதைச் சொல்வதா, அவள் அழுத அழுகையைச் சொல்வதா? அடுத்த பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுத்து அட்டையில் மூன்றாவது வரி அங்கேயேதான் இருக்கிறது. அதற்குள் அவள் அந்த வரியைப் படித்துவிடுவாள் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இது இன்னும் எனக்குக் கிடையாது" என்று சொல்லி, அதைத் திரும்பக் குடைத்துணிமேல் நிறுத்தினாள். எடுத்த இடத்தில் அல்ல. ஜன்னல் வெளிச்சம் விழுகிற ஓரத்தில், சின்னக் குழி முன்பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பி.